உருளைக்கிழங்கில் காய் பிடிக்க ஜிப்ரலிக்: நாலு வருஷம் அடித்துப் பார்த்ததில்

எங்கள் தோட்டம் நீலகிரியில், கேத்திப் பக்கம். உருளைக்கிழங்கு பூப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன், காய்த்துப் பார்த்தது அபூர்வம். மொட்டு வரும், பாதி விரியும், காம்பு நடுவில் உள்ள கணுவில் கழன்று விழுந்துவிடும். விதைக்கிழங்கு விலை எகிறிய ஒரு வருஷம், பூவிலிருந்தே விதை எடுத்தால் என்ன என்று தோன்றியது. இன்னொரு காரணமும் உண்டு. 1961இல் நீலகிரியில் கண்டுபிடித்த, வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு, கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வயலுக்கு வயல் போகும். காய்க்குள் இருக்கும் விதையில் அது வராது.

முதல் வருஷம் வாங்கியது அடிதான். கம்பத்தில் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் நண்பர், மொட்டு உதிராமல் நிற்கட்டும் என்று ஜிப்ரலிக் பவுடர் கொஞ்சம் கொடுத்தார், செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன் அது. கிராமுக்கு 5 லிட்டர் தண்ணீர், அதாவது 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு), மூன்று தடவை அடித்தேன். செடி கொடி மாதிரி ஓடியது. இலை வெளுத்தது, தண்டு மெலிந்து முதல் மழையிலேயே சாய்ந்தது. மண்ணுக்குள் கிழங்கு கட்ட வேண்டிய ஓடுதண்டெல்லாம் வெளியே வந்து இலை விட்டது. ஜிப்ரலிக் கிழங்கு கட்டுவதைத் தடுக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மிச்சத்தைப் பின் கருகல் நோய் பார்த்துக்கொண்டது.

இரண்டாம் வருஷத்திலிருந்து 10 லிட்டருக்கு அரை கிராம், 50 பிபிஎம். பவுடர் தண்ணீரில் லேசில் கரையாது, மிதக்கும். முதலில் கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் வேண்டாம், கலக்கியதை மறுநாளைக்கு வைக்கவும் வேண்டாம். மொட்டு கடுகு அளவு தெரியும்போது சாயங்காலம் ஒன்று, பத்து நாள் கழித்து இன்னொன்று. மொட்டு உதிர்வது கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. பூ நின்றது. காய்தான் பெரிதாக வரவில்லை!

பூவை நிறுத்துவது வேறு, காயாக்குவது வேறு. உருளைக்கிழங்குப் பூவில் தேன் கிடையாது, தேனீ எட்டிக்கூடப் பார்க்காது. மகரந்தப் பையின் நுனியில் உள்ள துளை வழியாகத்தான் தூள் கொட்டும். காலையில் பூவைச் சுண்டி நகத்தில் பிடித்து, சூலக முடியில் தடவினேன். குஃப்ரி ஜோதி ரகத்தில் கொஞ்சம் காய் நின்றது. சில ரகத்தில் மகரந்தமே சரியிருக்காது, அதற்கு எந்த மருந்தும் உதவாது.

மூன்றாம் வருஷம் செய்த காரியம் மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. முளைவிட்ட கிழங்கைச் செங்கல் மேல் வைத்து மண் அணைத்தேன். வேர் செங்கல்லைச் சுற்றி இறங்கியதும் மேல்மண்ணைக் கழுவிவிட்டு, கட்டுகிற பிஞ்சுக் கிழங்கையெல்லாம் கிள்ளினேன். கீழே போகிற சத்து மேலே ஏறியது, கொத்துக் கொத்தாகப் பூ. சிம்லாப் பக்கம் ஜூனில் பகல் 14 மணி நேரம் என்பதால் அங்கே செடி தானாகவே நன்றாகப் பூக்கும். நமக்கு 13 மணி நேரம்கூடக் கிடையாது. செடி கிழங்கு கட்டத்தான் பார்க்கும்.

காய் சின்னத் தக்காளிக்காய் மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதலிலேயே சொல்லிவையுங்கள். மெத்தென்று ஆனதும் பறித்து, தக்காளி விதை எடுப்பது போலப் பிசைந்து புளிக்கவைத்துக் கழுவினால் ஒரு காயில் நூறு, இருநூறு விதை கிடைக்கும். புது விதை மாதக்கணக்கில் தூங்கும். முதல் தட்டில் நான் தூவியதில் முளைத்தது நாலைந்துதான். அடுத்த தட்டுக்கு 100 மில்லியில் 150 மில்லிகிராம், அதாவது 1500 பிபிஎம்மில் 24 மணி நேரம் ஊறவைத்தேன். தட்டு பச்சையாகிவிட்டது. ஜிப்ரலிக்குக்குக் கொடுத்த காசு முழுசாக வசூலானது இந்த ஒரு இடத்தில்தான் என்பேன்.

நாற்று ஒன்றுகூட இன்னொன்றைப் போல இல்லை. உருளைக்கிழங்கில் குரோமோசோம் நாலு செட், பிள்ளைகள் எப்படி வரும் என்று சொல்லவே முடியாது. ஒன்று உருண்டை, ஒன்று விரல் மாதிரி, ஒன்றில் கண்ணெல்லாம் ரோஜா நிறம். முதல் அறுவடையில் பெரும்பாலும் கோலிக்குண்டு அளவு. மேட்டுப்பாளையம் மண்டியில் இந்தக் கலப்பைக் காட்டினால் சிரிப்பார்கள், அதனால் விற்கப் போகவே இல்லை.

இந்தக் கடைபோகத்தில் வயலுக்கு ஜிப்ரலிக் கிடையாது. பாலித்தீன் குடிலில் செங்கல் மேல் நிற்கும் இருபது செடிக்கு மட்டும் ஒரு லிட்டர் கைத்தெளிப்பானில் 50 மில்லிகிராம். அந்த ரோஜாக் கண்ணும் அதில் ஒன்று. நேற்றுப் பார்த்தேன், மொட்டு கடுகு அளவு வந்திருக்கிறது.