ஹைட்ராலிக் லிஃப்டரா, திருகு டேப்பெட்டா: பழைய காரில் ஏற்காடு ஏறுபவர்களுக்கு

சேலத்தில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துருவைப் பார்ப்பார்கள், பெயிண்ட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், டேப்பெட் (எஞ்சினுக்குள் சுழலும் கேமின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் பாகம்) எந்த வகை என்று கேட்பவர்கள் குறைவு. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் இருப்பது திருகு வைத்துச் சரிசெய்யும் சாதா டேப்பெட். 90களில் வந்த சியலோ, ஓப்பல் ஆஸ்ட்ரா பெட்ரோல் கார்களில் ஆயில் அழுத்தத்தால் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட், அதைத்தான் லிஃப்டர் என்கிறேன். பராமரிப்பு என்று வந்தால் இரண்டும் வேறு வேறு சாதி.

ஹைட்ராலிக் லிஃப்டருக்குள் பிளஞ்சர் என்ற சின்ன பிஸ்டன், அதற்கு அடியில் ஓர் ஆயில் அறை, அறை வாசலில் ஒரு சின்ன பால்ரஸ் குண்டு. எஞ்சினின் ஆயில் பாதையான கேலரியிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில் குண்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். கேம் அழுத்தத் தொடங்கியதும் குண்டு வாசலை அடைத்துவிடும், உள்ளே சிக்கிய ஆயில் நசுங்காது, மொத்த லிஃப்டரும் கெட்டி இரும்பாக நின்று வால்வைத் திறக்கும். ஆனால் ஒரேயடியாகப் பூட்டிவிடவும் கூடாது, ஏனென்றால் வால்வு சூடாகி நீளும்போது பிளஞ்சர் கொஞ்சம் உள்வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வால்வு முழுசாக மூடாது. அதற்குத்தான் பிளஞ்சருக்கும் சுவருக்கும் நடுவில் முடியைவிட மெல்லிய இடைவெளி விட்டு, ஆயிலைத் துளித்துளியாகக் கசிய வைத்திருக்கிறார்கள்.

காலைச் சத்தத்துக்கும் அந்தக் கசிவுதான் காரணம். எஞ்சின் நிற்கும்போது சில வால்வுகள் திறந்தபடியே நின்றுவிடும். அவற்றின் ஸ்பிரிங் ராத்திரி முழுக்க அழுத்தி அந்த லிஃப்டர்களில் இருக்கும் ஆயிலைப் பிழிந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் சில நொடி டிக் டிக், ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். இதற்குப் போய் முழு செட்டையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தினமும் காலையில் சத்தம் நீளுகிறதா, முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள்: நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும், மலிவு சரக்கில் அது இருக்காது, இருந்தாலும் விறைத்துப் போயிருக்கும்.

சூட்டில் வரும் சத்தம் வேறு கதை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு ஒண்டிக்கடையில் ஐடிலில் விட்டுப் பாருங்கள், ஆயில் இளகியிருக்கும், பம்ப் அழுத்தமும் இறங்கியிருக்கும். அப்போதும் தட்டினால் பிளஞ்சர் தேய்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்து அழுத்தமே வராமலும் இருக்கலாம், அதனால் ஆயில் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்காமல் பொருள் வாங்க வேண்டாம். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் அளவு குறைந்தால் வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும். அதிகமாக ஊற்றினாலும் கிராங்க் அடித்து நுரையாக்கிவிடும். நுரை நசுங்கும், லிஃப்டர் தட்டும். டிப் ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் போதும்.

சாதா டேப்பெட்டுக்கு ஆயிலைப் பிடித்து வைக்கும் வேலையே கிடையாது. அம்பாசிடருக்கு வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே 0.015 அங்குல கேப், அதை அளக்க ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழகின கைக்கு அரை நாள் வேலைகூட இல்லை. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியும் எடுத்ததும் அந்தக் கேப்பால் வரும் அதே சத்தத்தோடுதான் ஓடும். ஆனால் இதில் பயப்பட வேண்டியது சத்தம் வரும்போது அல்ல, சத்தம் அடங்கும்போது. வால்வு, மூடும்போது தான் உட்காரும் சீட்டுக்குள் தேய்ந்து இறங்க இறங்க கேப் குறையும், எஞ்சின் அமைதியாகும், ஓட்டுபவருக்குச் சந்தோஷம், கடைசியில் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் கருகிவிடும். எல்பிஜி போட்ட பழைய எஞ்சினில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஹைட்ராலிக்கோ அந்தத் தேய்மானத்தைத் தானே ஓரளவுக்குச் சரிக்கட்டிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால், தினமும் ஓடும் வண்டிக்கும் கேஸில் ஓடும் வண்டிக்கும் ஹைட்ராலிக்தான், ஆயிலை நேரத்துக்கு மாற்றுவீர்கள் என்றால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு சாதா டேப்பெட். ஹைட்ராலிக் கெட்டால் உள்ளூரில் பொருள் கிடைக்காமல் சென்னை புதுப்பேட்டை வரை அலைய வேண்டி வரலாம், அதையும் விலையில் பேசிக் குறையுங்கள். அப்புறம், கழற்றிக் கழுவுகிறவர்களுக்கு ஒன்று: ஒரு லிஃப்டரின் பிளஞ்சரை இன்னொன்றின் உடம்பில் போடாதீர்கள். அவை ஜோடி பார்த்துச் சேர்த்தவை, கலந்தால் ஒன்று வேகமாக வடியும், இன்னொன்று இறுகும்.