ஊதாக் கரைசலா, இரும்புத் தூளா?

டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். உலோகத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு காலத்தில் பட்டறைகள் விரும்பி வாங்கிய கரைப்பான் திரவம். கீழே சிந்தினால் டீசல் மாதிரி நிலத்தடி நீரின் மேல் மிதக்காது. நீரைத் தாண்டி இறங்கி, களிமண் படுகையின் மேல் தேங்கி, பல பத்தாண்டுகள் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் குடிநீரில் இதற்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரே லிட்டர் திரவம் சுமார் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புவரை கொண்டுபோய்விடும்.

மோட்டார் வைத்து இறைத்துத் தீராது என்பதால், மண்ணுக்குள்ளேயே வேதிப்பொருளை இறக்கி அழிக்கும் வழிகள் வந்தன. அவற்றில் இரண்டை ஒப்பிட ஃபுளோரிடாவின் கேப் கனாவரலில் உள்ள 34ஆம் ஏவுதளம் நல்ல இடம். அப்போலோ 1 தீவிபத்து நடந்த அதே தளம்தான். 1960களில் சாட்டர்ன் ராக்கெட் பாகங்களை அங்கே இந்தத் திரவத்தால் கழுவினார்கள். 1999இல் தொடங்கிய சோதனையில் மூன்று திட்டுகளை அருகருகே எடுத்துக்கொண்டார்கள்: ஒன்றில் பொட்டாசியம் பர்மாங்கனேட், ஒன்றில் மின்சாரச் சூடு, ஒன்றில் நீராவி. பின்னர் 2002இல் அதே வளாகத்தில் இரும்பும் களமிறங்கியது.

முதலில் பர்மாங்கனேட். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே ஊதாப் பொருள்தான். டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி குளோரின் ஏறிய எத்திலீன்களில் கார்பன் அணுக்களுக்கு இடையே உள்ள இரட்டைப் பிணைப்பைப் பிடித்து உடைக்கும். மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடு, குளோரைடு, மாங்கனீஸ் டை ஆக்சைடு. வேகம் அபாரம். கண்காணிப்புக் கிணற்றில் ஊதா நிறம் தெரிந்தால் மருந்து அங்கே வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். வேறு எந்த மருந்திலும் இவ்வளவு சுலபமான சாட்சி கிடைக்காது.

ஆனால் தீனி அதிகம். ஒரு கிலோ டிரைகுளோரோஎத்திலீனுக்குக் காகிதக் கணக்கில் 2.4 கிலோ போதும். நிலத்திலோ மண்ணில் இருக்கும் மட்கு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும். கரிமப் பொருள் மிகுந்த மண்ணாக இருந்தால், மாசைவிட மண்ணே அதிகம் தின்னும். இன்னொன்று: பர்மாங்கனேட் துகளை ஈரக் கையால் தொட்டால் விரலில் பழுப்புக் கறை பிடித்து, சோப்புக்கும் போகாமல் நாள்கணக்கில் நிற்கும். அந்தக் கறைதான் மாங்கனீஸ் டை ஆக்சைடு. நிலத்தடியிலும் அது படிந்து மண் துளைகளை அடைக்கும். தேங்கிய கரைப்பானைச் சுற்றி ஓடு மாதிரி மூடிவிடுவதும் உண்டு. ஊதா மறைந்து சில மாதங்கள் கழித்து மாசு அளவு மறுபடி ஏறுவதற்கு இது ஒரு காரணம். களிமண்ணுக்குள் ஊறியிருந்தது மெல்ல வெளியே கசிவது இன்னொன்று. மண்ணில் சும்மா கிடக்கும் குரோமியத்தை நீரில் கரையும் நச்சு வடிவத்துக்கு மாற்றிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கார்பன் டெட்ராகுளோரைடு என்ற இன்னொரு கரைப்பான் மாதிரி இரட்டைப் பிணைப்பு இல்லாதவற்றிடம் இதன் பாச்சா பலிக்காது.

இரும்பின் குணம் நேர் எதிர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கில்ஹாம் குழு, 1991இல் ஒன்டாரியோவின் போர்டன் தளத்தில் இரும்புத் தூளையும் மணலையும் கலந்து நீரோட்டத்தின் குறுக்கே நிலத்தடிச் சுவராகப் போட்டுப் பார்த்தது. லேத் பட்டறைத் தரையில் கிடக்குமே, வார்ப்பிரும்புச் சீவல், அந்த ஜாதிதான். இரும்பு துருப்பிடிக்கும்போது விடும் எலெக்ட்ரான்கள் குளோரினைக் கழற்றி, கடைசியில் எத்திலீன், ஈத்தேன் என்று முடிக்கும். கரன்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். நீர் தானாக வந்து சுத்தமாகிப் போகும். கார்பன் டெட்ராகுளோரைடையும் தாக்கும், என்றாலும் பாதியில் டைகுளோரோமீத்தேனோடு நின்றுவிடும். நீரின் காரத்தன்மை கூடி, கார்பனேட் உப்பு படிந்து, வருஷங்கள் போகப்போக இரும்பு மந்தமாவது இதன் நோய். ஆழமான இடத்தில் அகழி வெட்டுவதும் பாடு.

பெரிய குறை வேறு. சுவர் வழியில்தான் நிற்கும், தேங்கிய இடத்துக்குப் போகாது. அதற்காகத்தான் ஏவுதளத்தில் நுண் இரும்பைத் தாவர எண்ணெயில் பொதிந்து, குழம்பாக நேரே மாசு தேங்கிய இடத்துக்கே செலுத்தினார்கள். கரைப்பான் எண்ணெய்க்குள் இழுபட்டு இரும்பிடம் மாட்டிக்கொள்ளும் என்பது யோசனை. அழகான யோசனைதான். ஆனால் கெட்டிக் குழம்பு நாம் நினைத்த பக்கமெல்லாம் பரவுவதில்லை. மேலும் அந்த எண்ணெயைத் தின்று பாக்டீரியாக்களும் வேலை செய்வதால், இரும்புக்கு எவ்வளவு மதிப்பெண் போடுவது என்பதே சிக்கல்.

என்னைக் கேட்டால், மணற்பாங்கான இடத்தில் தேங்கியதை அடிக்கப் பர்மாங்கனேட். அங்கிருந்து ஓடிவரும் மாசு கலந்த நீரை மறிக்க இரும்புச் சுவர். மாசு களிமண்ணுக்குள் ஊறியிருந்தால் இரண்டையும் நம்பமாட்டேன். சூடேற்றுவதைப் பற்றி யோசிப்பேன். இரண்டையும் ஒரே இடத்தில் பயன்படுத்துவதானால் நடுவில் போதிய தூரம் விட வேண்டும். மிஞ்சிய ஊதாக் கரைசல் சுவர்வரை வந்துவிட்டால், அது முதலில் தின்பது இரும்பைத்தான்.