பத்தாவது முடிந்ததும்: பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா, ஐடிஐயா?

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் எங்கள் தெருவில் ஒரே கேள்விதான்: "எந்த குரூப்?" பிளஸ் ஒன்னை விட்டால் உலகமே இல்லை என்பதுபோல் கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் 500-க்கு 341. ஓடாத மிக்ஸி மோட்டாரைப் பிரித்து மறுபடி ஓட வைக்கிறவன். அப்பா பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் குரூப் என்கிறார், பையன் பாலிடெக்னிக் என்கிறான். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

முதலில் வருஷக் கணக்கு. பிளஸ் டூ 2, பி.இ. 4, மொத்தம் 6. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ 3, பிறகு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு, இன்னொரு 3. அதுவும் 6 தான். ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற இரண்டு வருஷப் பிரிவை முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கிருந்து பி.இ. போனால் 7. "டிப்ளமோ போனா படிப்பு அதோட முடிஞ்சுது" என்கிறவர்கள் இதை விரல் விட்டு எண்ணிப் பார்த்ததே இல்லை.

வித்தியாசம் தெரிவது நடுவில் நிற்க நேரும்போது. வீட்டில் பணமுடை, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, மேலே படிக்க வழியில்லை. பிளஸ் டூவோடு நின்றவன் கையில் மார்க் ஷீட் இருக்கும். டிப்ளமோ முடித்தவன் ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுதலாம். ஐடிஐ முடித்தவனுக்கு அப்ரன்டிஸ் பயிற்சி உண்டு, உரிய பிரிவாக இருந்தால் உதவி லோகோ பைலட் (ரயில் இன்ஜின் உதவி ஓட்டுநர்) தேர்வும் எழுதலாம். இந்த இடத்தில் பிளஸ் டூ தோற்கிறது.

ஆனால் பத்தாவதோடு கிளம்பினால் சில கதவுகள் சாத்திக்கொள்ளும். மருத்துவம், ஐந்தாண்டு சட்டப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் கிடைக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பாலிடெக்னிக் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வீடு தேடி வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

லேட்டரல் என்ட்ரியும் வழவழவென்று போகும் பாதையில்லை. இரண்டாம் ஆண்டு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பிளஸ் டூ கணக்கில் ஊறி வந்தவன். டிப்ளமோ பையன் ஒர்க்‌ஷாப்பில் அவனைத் தூக்கிச் சாப்பிடுவான், கணக்குப் பேப்பரில் அரியர் வைப்பான். கணக்கு பிடிக்காமல் டிப்ளமோவுக்கு ஓடுகிறவர்களுக்கு அது அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

ஐடிஐ பற்றி நம் ஊரில் ஓர் இளக்காரம் உண்டு. மார்க் இல்லாதவன் போகிற இடமாம். பொண்ணு கொடுக்க யோசிப்பார்களாம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வரும். டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் ரோபோ, கம்ப்யூட்டரில் இயங்கும் சிஎன்சி மெஷின் என்று 4.0 தொழில்நுட்ப மையங்கள் வந்திருக்கின்றன. ஆனாலும் பெற்றோர் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. கைவேலையில் நாட்டம் இருந்து, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடாகவும் இருந்தால் நான் முதலில் சொல்வது ஐடிஐதான்.

பயோ-மேத்ஸ்? "ரெண்டு பக்கமும் வழி இருக்கட்டும்" என்று பெற்றோர் தேர்ந்தெடுக்கிற குரூப் அது. பயாலஜி மேல் ஆசையே இல்லாத பிள்ளை இரண்டு வருஷம் அதைச் சுமக்கும். கடைசியில் 200-க்கான பொறியியல் கட்-ஆஃபில் சேருவது கணக்கு, இயற்பியல், வேதியியல் மட்டும்.

இந்தப் பையனுக்கு என் ஓட்டு டிப்ளமோ, எலக்ட்ரிக்கல். கணக்கில் 70-க்கு மேல் வாங்கியிருக்கிறான், இழப்பதற்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் இல்லை. படித்தது தனியார் பள்ளி. அரசு பாலிடெக்னிக் கிடைத்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தேன், தனியாரில் கட்டணம் பல மடங்கு.

அப்பா தலையை ஆட்டினார். மறுநாள் பார்த்தால் பிளஸ் ஒன் அப்ளிகேஷனும் வாங்கி வைத்திருக்கிறார்.