குதிரைக்கு முடி வெட்டுவது: முழுசா, பாதியா, வேண்டவே வேண்டாமா?

அக்டோபர் பிறந்தால் போதும், இங்கிலாந்தில் எந்தக் குதிரை லாயத்துக்குப் போனாலும் முடி வெட்டும் கிளிப்பர் இயந்திரத்தின் சத்தம்தான். ஒருவர் தன் குதிரையைத் தலை முதல் குளம்பு வரை வழித்துவிட்டுப் போர்வை போர்த்தி நிறுத்தியிருப்பார். பக்கத்து வயலில் ஒரு மட்டக்குதிரை கரடி மாதிரி முடியோடு மழையில் நின்று புல் மேயும். இரண்டு குதிரைக்காரர்களும் அடுத்தவர் குதிரையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பார்கள். வடக்கு இங்கிலாந்தில் ஒரு லாயத்தில் சில குளிர்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில் என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரை எங்கே வியர்க்கிறதோ அங்கே மட்டும் வெட்டினால் போதும்.

குளிர்கால முடி, குளிர் வந்த பிறகு முளைப்பதில்லை. ஜூன் 21-க்குப் பிறகு பகல் சுருங்கத் தொடங்கியதுமே கண் வழியாக மூளைக்குச் சேதி போய்விடும். இரவு நீள நீள, இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பும் நீளும். செப்டம்பரில் தேய்த்துவிடும்போதே கையில் புதுமுடியின் அடர்த்தி தெரியும். டிசம்பர் கடைசியில் பகல் திரும்ப நீளத் தொடங்கியதும், வெளியே பனி கொட்டினாலும் சரி, உள்ளே கோடைமுடிக்கான வேலை ஆரம்பமாகிவிடும். ஜனவரி முடிவதற்குள் கடைசி வெட்டை முடித்துவிடு என்று பழைய ஆட்கள் சொல்வது அதனால்தான்.

அந்த முடி சாதாரணமானதில்லை. குளிர்ந்தால் சிலிர்த்து எழுந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியில் உள்ள எண்ணெய்ப் பசை, மழை நீர் தோலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். போதாததற்கு, தின்ற புல் பெருங்குடலில் நொதிக்கும்போது சூடும் கிடைக்கிறது. மிதமான தட்பவெப்பத்தில் வாழும் குதிரைக்கு ஏறக்குறைய 5 டிகிரி முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை சிரமமில்லை. நாம் குல்லாய் தேடுகிற நாளில் அது சும்மா நிற்கும்.

சிக்கல் வேலை வாங்கும்போது வருகிறது. கனத்த முடியோடு காப் எனப்படும் கட்டைக்குட்டையான வகைக் குதிரை ஒன்றை டிசம்பரில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால், கழுத்தும் மார்பும் சோப்பு நுரை மாதிரி வெளுத்திருக்கும். வெளியே இருட்டு, மூன்று டிகிரி. வைக்கோலைச் சுருட்டித் தேய்த்துத் தேய்த்து இரண்டு மணி நேரம் போனாலும் அடிமுடி ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு இரவு முழுக்க நிற்பதுதான் குதிரைக்குக் கஷ்டம். வெட்டுவதற்கு இது ஒன்றே நல்ல காரணம்.

சரி, எதை வெட்டுவது? வாரத்துக்கு ஒருமுறை நடை மட்டும் போகிற, வயலிலேயே கிடக்கிற குதிரையைத் தொடவே வேண்டாம். போர்வைகூடத் தேவைப்படாமல் போகலாம்.

தினமும் கடுமையாக வேலை செய்கிற குதிரைக்கு முழு வெட்டா, ஹன்டர் வெட்டா என்ற கேள்வி வரும். இரண்டிலும் உடல் முழுக்க வழித்துவிடுவார்கள். ஹன்டரில் கால்களிலும் சேணம் உட்காரும் இடத்திலும் மட்டும் முடியை விட்டுவைப்பார்கள். முழு வெட்டில் பார்வைக்கு அழகு கூடும், கழுவுவது சுலபம். ஆனால் கால்முடி போனால் முள்ளும் சேறும் நேரே தோலில் படும். சேணத்தடியில் வழித்த தோல் உரசிப் புண்ணாகவும் இடமுண்டு. நான் ஹன்டர் பக்கம். எதைச் செய்தாலும் நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை திரும்ப வெட்ட வேண்டும், காலையும் மாலையும் போர்வை மாற்ற வேண்டும், தீனி கூட்ட வேண்டும். வெட்டுகிற அரை நாளைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஐந்து மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

பிளாங்கெட் வெட்டு நடுவில் நிற்பது. கழுத்தும் விலாவின் கீழ்ப்பாதியும் போகும், முதுகில் ஒரு போர்வை அளவுக்கு முடி தங்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது ட்ரேஸ் வெட்டு. வண்டிக் குதிரைகளுக்கு ட்ரேஸ் எனப்படும் இழுவைவார் போகும் கோட்டுக்குக் கீழே வெட்டிய பழக்கத்திலிருந்து வந்த பெயர். கழுத்தின் அடி, மார்பு, அடிவயிறு, தொடையின் ஓரம், அவ்வளவுதான். வியர்ப்பது பெரும்பாலும் அங்கேதான். மழையை வாங்குகிற முதுகில் முடி அப்படியே இருக்கும். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டுபவருக்கு இது தாராளமாகப் போதும். கிளிப்பருக்கு மிரளுகிற இளங்குதிரைக்கு, கழுத்தடியும் மார்பும் மட்டும் வெட்டுகிற பிப் போதும். பழகியதும் அடுத்த வருஷம் கூட்டிக்கொள்ளலாம்.

எந்த வெட்டானாலும் மீசைமுடியைத் தொடாதீர்கள். இருட்டில் வாளியின் விளிம்பையும் புல்லையும் குதிரை அறிவது அதனால்தான். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 ஜூலை 1 முதல், மீசைமுடி வெட்டிய குதிரைகளைத் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை.

போர்வை விஷயத்தில் நார்வேக்காரர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். போர்வை போடு, எடு, அப்படியே விடு என்று மூன்று குறிப்பலகைகளை மூக்கால் தொட்டுச் சொல்ல 23 குதிரைகளைப் பழக்கினார்கள். 2016-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. நல்ல வெயிலில் எடுக்கச் சொன்னவை, குளிர்ந்த மழையில் போடச் சொல்லின. நம்மிடம் பலகை இல்லாவிட்டாலும், போர்வைக்குள் கை விட்டு தோளுக்குப் பின்னால் தொட்டுப் பார்க்கலாம். ஈரமாக இருந்தால் போர்வை அதிகம்.

அப்புறம் கோடை. போட்டிக் குதிரைகளைப் பளபளப்புக்காக ஆண்டு முழுக்க வெட்டுகிறவர்கள் உண்டு. வெயிலும் ஈயும் நேரே தோலுக்கு வருமே என்று எனக்கு அதில் மனம் ஒப்பாது. ஆனால் ஒரு குதிரைக்குக் கோடை வெட்டு கட்டாயம்: மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு வந்த கிழக் குதிரை. லாயத்தில் குஷிங் என்போம். பதினைந்து வயதுக்கு மேல் அதிகம் பார்க்கலாம். அதற்கான பெர்கோலைடு மாத்திரை கொடுத்தாலும் சிலவற்றுக்கு முடி உதிராமல் சுருண்டு நீண்டுகொண்டே போகும்.

எங்கள் லாயத்தில் அப்படி ஒரு சாம்பல் மட்டக்குதிரை, 24 வயது. ஜூனில் நிழலில் நின்றும் விலா மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பிளேடு சூடேறும்போதெல்லாம் நிறுத்தி, எண்ணெய் விட்டு, முழுக்க வெட்டினோம். கோணி நிறைய முடி. வாயில் தீவனத்தோடு அசையாமல் நின்றான். அவிழ்த்து விட்டதும் வயலுக்குப் போய் இரண்டு பக்கமும் புரண்டு எழுந்தான். அடுத்த வெட்டு ஆகஸ்ட் முதல் வாரம்.