படத்துக்குள் வீட்டு முகவரி: எந்த வழியில் துடைக்கலாம்?

போன மாதம் என் தங்கை, மகனின் பழைய சைக்கிளை விற்க நாலு படம் எடுத்து, "படம் மங்கக் கூடாதுண்ணா" என்று வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினாள். விளம்பரத்தில் போடுவதற்கு முன், படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் திறந்து பார்த்தேன். போன் மாடல், எடுத்த தேதி, நொடி, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த எண்களை மேப்பில் போட்டால் புள்ளி நேராக அவள் வீட்டுக் கூரை மேல் போய் விழுந்தது.

இதே போல 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த, ஆன்டிவைரஸ் மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபியின் படத்தை ஒரு பத்திரிகை வெளியிட, அவர் குவாத்தமாலாவில் இருப்பதை அதிலிருந்த எண்களே காட்டிக்கொடுத்தன.

சரி, என்ன செய்யலாம்? வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் போய்விடும், ஆனால் படமும் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும். தெளிவுக்காக நாம் தேர்ந்தெடுக்கும் வழிதான் ஆபத்தான வழி, இது பலருக்குத் தெரியவே இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது அவசரத்துக்கு நல்லதுதான், அசல் படத்தின் இடக்குறிப்பு அதில் வராது. தரம் மட்டும் திரையளவுக்கு இறங்கிவிடும்.

கணினி இருந்தால் என் ஓட்டு எக்ஸிஃப்டூலுக்கே. பில் ஹார்வி எழுதிய இலவச மென்பொருள், ஒரே வரிக் கட்டளையில் போல்டர் முழுக்கத் துடைத்துவிடும், படத்தின் தரத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்: துடைக்காத பழைய நகலை, பெயரின் கடைசியில் ஒரிஜினல் என்று சேர்த்து, பக்கத்திலேயே வைத்திருக்கும், அவசரத்தில் அதையே எடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அப்புறம், எல்லாவற்றையும் துடைக்கும்போது படம் எந்தப் பக்கம் நிமிர்ந்தது என்ற குறிப்பும் போய்விடுவதால், நெட்டாக எடுத்த படம் படுத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை மட்டும் விட்டுவைக்கச் சொல்லவும் வழி இருக்கிறது.

போனோடு முடித்துக்கொள்பவர்களுக்கு ஐபோனில் ஷேர் செய்யும்போது மேலே ஆப்ஷன்ஸ் என்று வரும், அதில் லொகேஷனை அணைக்கலாம். இடம்தான் போகும், தேதியும் போன் மாடலும் தங்கிவிடும். ஆண்ட்ராய்டில் ஸ்கிராம்பிள்டு எக்ஸிஃப் ஆப் எனக்குப் பிடித்தது, படத்தை அதற்கு ஷேர் செய்தால் துடைத்துவிட்டு மறுபடி யாருக்கு அனுப்ப என்று கேட்கும்.

கேமராவிலேயே லொகேஷனை நிறுத்திவிடலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் அப்பாவோடு போன ஊர்களை மேப்பில் தேடி அந்தப் படங்களை எடுக்க முடிவதை இழக்க எனக்கு மனமில்லை, அதனால் அனுப்பும்போது துடைப்பதே என் வழக்கம்.

தங்கையின் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். துடைத்த படத்தைத் திறந்து பார்த்தால் சைக்கிளுக்குப் பின்னால் கேட்டில் கதவு எண் பளிச்சென்று தெரிந்தது. வண்டியைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து மறுபடி எடுக்கச் சொன்னேன்.