நெல்லைச் சாலையில் ஜெர்மன் கார்: 320டி, சி 220டி, ஏ4 - அன்றாட ஓட்டத்துக்கு எது தாங்கும்?

ஒரு புது கிரெட்டாவின் உச்ச மாடல் விலைக்கு ஏழெட்டு வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூ 320டி கிடைக்கிறது. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத ஆள் குறைவு. கணக்கில் தப்பில்லை, ஒரு வரி மட்டும் விட்டுப்போகிறது. காரின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உதிரிப்பாகத்தின் விலை இறங்கவில்லை. ஐம்பது லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட், கார் பதினெட்டு லட்சத்துக்குக் கைமாறிய பிறகும் ஐம்பது லட்ச ரூபாய் காரின் ஹெட்லைட்தான்.

நம் பக்கம் பழைய வண்டிச் சந்தையில் அதிகம் கைமாறும் மூன்றை இங்கே பார்க்கலாம்: 320டி (எஃப்30 தலைமுறை), மெர்சிடிஸ் சி 220டி (டபிள்யூ205), ஆடி ஏ4, கூடவே அதன் தம்பி ஏ3. ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போய்வர அல்ல, தினமும் கடைக்கும் ஆபீஸுக்கும் ஓட்ட.

முதலில் கேட்க வேண்டியது எந்தக் கார் என்பதல்ல, எந்த ரூட் என்பதுதான். தூத்துக்குடிக்கு நாலுவழிச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவருக்கு டீசல் ஜெர்மன் கார் ஆண்டுக்கணக்கில் தொல்லை கொடுக்காது. நாகர்கோவில், தென்காசி என்று போகிறவருக்கும் அப்படித்தான். பாளையிலிருந்து வண்ணார்பேட்டை, ஜங்ஷன், டவுன் என்று ஏழெட்டு கிலோமீட்டர் மட்டும் உருளும் வண்டிதான் சீக்கிரம் படுக்கும். டீசல் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, அந்தக் கரியை அவ்வப்போது தானே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடேறி, சுமார் இருபது நிமிடம் விடாமல் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஜங்ஷன் பாலத்தைத் தாண்டுவதற்குள் வண்டியை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். அதற்கென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். அளவு கூடும், ஆயில் நீர்த்துப்போகும், டர்போ தேயும். “இந்த வண்டி ஆயிலே குடிக்காது அண்ணாச்சி” என்று புரோக்கர் சொன்னால், அளவு கூடியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் எல்லாவற்றிலும் இந்த வடிகட்டி உண்டு. அதற்கு முந்தியவற்றில் மாடலுக்கு மாடல் மாறும், சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் பெட்ரோல் பக்கம் போகட்டும். லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் குறையும், டிபிஎஃப் செலவு மிச்சமாகும். ஏப்ரல் 2023-க்கு முன் தயாரான பெட்ரோல் வண்டி என்றால் டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் இ10 (பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) வரைதானா, இ20 (இருபது சதவீதம்) உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் நம் பக்கத்துக்கு அதிகம் பொருந்துவது 320டி. இதில் இரண்டு எஞ்சின் உண்டு. ஆவணத்தில் 184 குதிரைத்திறன் என்றிருந்தால் பழைய என்47, 190 என்றிருந்தால் அதற்குப் பின் வந்த பி47. என்47-இன் டைமிங் செயின் முன்னால் இல்லை; கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் ஒளிந்திருக்கிறது. பாகம் பெரிய விலை இல்லை, அதை எட்டுவதற்குக் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்க வேண்டும், கூலிதான் முதுகை உடைக்கும். எஃப்30-இல் வந்த என்47 அதற்கு முந்தியதைவிட மேம்பட்டதுதான். ஆனாலும் வண்டி பார்க்கப் போகும்போது, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, விண்ட்ஷீல்டுக்கு அடியில், பின்பக்கம் காதைக் கொடுத்து, 1,500-இலிருந்து 2,000 வரை மெல்ல ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சைக்கிள் செயின் கார்டில் உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு வந்தால் அந்த வண்டி வேண்டாம். பேரம் பேசிக் குறைக்கிற விஷயமல்ல அது.

மற்றபடி இரும்புப் பாகங்கள் உடைந்து நிற்பது அரிது. போவதெல்லாம் ரப்பரும் பிளாஸ்டிக்கும், அதற்கு நம் வெயிலே போதும். முன் சஸ்பென்ஷன் ஆர்மின் ரப்பர் புஷ் ஒன்று எண்ணெய் நிரம்பியது. வெடித்துக் கசிந்ததும் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி டிஸ்க்கையும் பேடையும் மாற்றிவிடுவார்கள், நடுக்கம் அப்படியே இருக்கும். கிராங்க் புல்லியின் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் வெடிக்கும், டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். வெளியே எங்கும் கசிவில்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது என்றால், எஞ்சினுக்கே திரும்பப் போகும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரைச் சந்தேகியுங்கள். இந்தப் பாகத்தில் கூலன்ட் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால்தான் 2018-இல் பி.எம்.டபிள்யூ ஐரோப்பாவிலும் கொரியாவிலும் லட்சக்கணக்கான டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது.

கியர்பாக்ஸ் இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி. இந்த வகையில் இதைவிட உழைக்கும் ஆட்டோமேட்டிக் கிடைப்பது கஷ்டம். ஆயில் ஆயுளுக்கும் போதும் என்று கார் கம்பெனி சொல்லும். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ 80,000-இலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதே புத்தி. அடியிலிருக்கும் ஆயில் பேன் பிளாஸ்டிக், ஃபில்டர் அதனோடே சேர்ந்தது, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். பேனைக் கழற்றினால் உள்ளிருப்பதில் ஒரு பங்கு மட்டுமே வடியும், மிச்சம் கன்வெர்ட்டரில் தங்கும். ஆயில் சுமார் 40 டிகிரியில் இருக்கையில், எஞ்சின் ஓடியபடி, நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்ற வேண்டும். ஸ்கேனரில் வெப்பநிலை பார்க்காமல், அளவு ஜாடியை மட்டும் நம்பி ஊற்றும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வெளியே செய்தால் நாற்பது, ஐம்பது ஆயிரம் ஆகும்.

எஞ்சின் ஆயிலிலும் கிரேடு மட்டும் பார்த்தால் போதாது. 5டபிள்யூ30 என்று எல்லா டப்பாவிலும் எழுதியிருக்கும். டிபிஎஃப் உள்ள பி.எம்.டபிள்யூ டீசலுக்கு லாங்லைஃப்-04, மெர்சிடிஸுக்கு 229.51 அல்லது 229.52, ஆடிக்கு 507.00 என்ற ஒப்புதல் எண் டப்பாவின் முதுகில் இருக்க வேண்டும். திரையில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் காட்டினாலும் பத்தாயிரத்தில் மாற்றிவிடுவது மேல்.

பாட்டரி இன்னொரு கண்ணி. பி.எம்.டபிள்யூவில் அது டிக்கிக்குள் இருக்கிறது, ஏஜிஎம் வகை. புதியதை வைத்தால் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வண்டி அதைப் பழைய பாட்டரியாகவே நினைத்துக் கூடுதலாகச் சார்ஜ் ஏற்றிச் சீக்கிரம் கொன்றுவிடும். விலை குறைவென்று சாதாரண பாட்டரியைப் பொருத்தி அனுப்புகிற கடைகள் உண்டு. ஆறு மாதத்தில் டேஷ்போர்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து எச்சரிக்கைகள் சேர்ந்து எரிந்தால், முதலில் பாட்டரியைப் பாருங்கள்.

மெர்சிடிஸ் சி 220டி-யின் சொகுசு 320டி-க்குக் கிடையாது. பின்சீட்டில் பெரியவர்களை உட்கார வைத்து ஓட்டுகிற குடும்பத்துக்கு இதுதான். 2018-க்கு முந்தியவற்றில் ஓஎம்651 எஞ்சின், இதிலும் செயின் பின்பக்கமே. ஆயில் கூலரின் சீல் காய்ந்து கசிவது அடிக்கடி நடக்கிறது. சீல் சில நூறு ரூபாய்தான், அதை எட்டுவதற்கு இன்லெட் பக்கத்தைப் பிரிக்க ஒரு நாள் வேலை. பிஎஸ்6-இல் வந்த ஓஎம்654 மென்மையானது, சத்தம் குறைவு, ஆனால் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்புளூ திரவத்தின் தொட்டியும், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரும் கூடவே வருகின்றன. சென்சார் கெட்டால் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று திரை எண்ண ஆரம்பித்துவிடும். அது வெற்று மிரட்டல் இல்லை, சுழியம் வந்தால் நிஜமாகவே ஸ்டார்ட் ஆகாது. இ-கிளாஸின் ஏர் சஸ்பென்ஷன் மாடலுக்கு ஆசைப்படுகிறவர் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் பார்க்கட்டும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்து ரப்பர் பை கசிகிறது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் போகும்.

ஆடியில் எதை வாங்குவதென்பதைவிட எதை விடுவதென்பதே பெரிய கேள்வி. முந்தைய ஏ4-இன் (பி8) 1.8, 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது, பிஸ்டன் ரிங் கோளாறு. அதே தலைமுறையின் முன்சக்கர ஓட்ட வண்டிகளில் வரும் மல்டிட்ரானிக் கியர்பாக்ஸையும் தவிர்த்துவிடலாம். ஏ3 40 டிஎஃப்எஸ்ஐ-யில் இருக்கும் ஏழு கியர் பெட்டி உலர் கிளட்ச் வகை. ஜங்ஷன் நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊரும்போது சூடேறி உதறும், கியர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் பாகமும் போகும். அதே ஏ3-இன் 35 டிடிஐ டீசலில் ஆறு கியர், கிளட்ச் ஆயிலில் மூழ்கியது, 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் தாங்கும். ஏ4-இன் புதிய உடல் (பி9) நல்ல வண்டி. 2.0 பெட்ரோலில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசியும், அதற்கு ஒரு தொகை ஒதுக்கி வையுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் ஆடி இந்தியாவில் டீசல் விற்பதில்லை.

இனி நம் ஊர்க் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று திசையன்விளை, உடன்குடித் தேரி மணலையும் கிளப்பிக்கொண்டு வரும். ஏர் ஃபில்டரை மேனுவல் சொல்வதில் பாதித் தூரத்திலேயே திறந்து பாருங்கள். முன்னால் ஏசி கண்டன்ஸர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நடுவில் மணலும் பூச்சியும் அடைந்தால் ஏசி குளிராது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேரே பிடித்தால் தகடு மடங்கிவிடும். உவரி, கூடங்குளம் பக்கம் வீடென்றால் உப்புக்காற்றில் கண்டன்ஸர் அரிக்கும், மாதம் ஒருமுறை அடிப்பகுதிக்கும் நல்ல தண்ணீர் காட்டுங்கள்.

வேப்பமர நிழல் வண்டிக்கு இதம், வேப்பிலைச் சருகு வண்டிக்கு எமன். வைப்பருக்கு அடியிலிருக்கும் வடிகாலையும் சன்ரூஃப் குழாயையும் சருகு அடைத்தால் மழைத்தண்ணீர் கால்வைக்கும் இடத்துக்கு இறங்கும். எஃப்30-இல் வண்டியின் பாதி மின்வேலையைப் பார்க்கும் எஃப்இஎம் பெட்டி அங்கேதான், ஓரத்தில் இருக்கிறது.

தண்ணீர் என்றதும் 2023 டிசம்பர் 17, 18-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் அன்று மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்திருக்கலாம். வாங்குமுன் நாலு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுங்கள். சுருளின் உள்பகுதியில் களிமண் கோடு தெரியும், அதை யாரும் கழுவுவதில்லை. டிக்கி கார்பெட்டைத் தூக்கிப் பாட்டரிக் குழியைப் பாருங்கள். கால்மிதிக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை அழுத்துங்கள். சீட்டுக்குக் கீழே வயர் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். உங்கள் வண்டியே நீரில் நின்றுபோனால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். இன்ஷூரன்ஸில் ஜீரோ டெப்ரிசியேஷன் மட்டும் போதாது, எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கையும் வேண்டும்.

டயர் விஷயத்தில் பி.எம்.டபிள்யூ கொஞ்சம் படுத்தும். ரன்ஃப்ளாட் டயரில் காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். நாங்குநேரியில் பஞ்சரானால் ஊர் வந்து சேர்ந்துவிடலாம். ஆனால் பக்கச்சுவர் கட்டை மாதிரி. பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளில் இடித்தால் டயர் வீங்கும், ரிம் விரிசல் விடும். 18 அங்குல ரன்ஃப்ளாட் ஒன்று இருபதாயிரம் ரூபாயைத் தொடும். 17 அங்குலத்துக்கு இறங்கி, சாதாரண டியூப்லெஸ் போட்டு, டிக்கியில் காற்று பம்ப்பும் பஞ்சர் கிட்டும் வைத்துக்கொள்வது இந்தச் சாலைக்குச் சரி.

சர்வீஸுக்குப் பெரும்பாலோர் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறார்கள், இரண்டுமே 150 கிலோமீட்டர் சொச்சம். ஆகவே இரண்டு பட்டறை வேண்டும்: ஆயில், பேட், புஷ் வேலைக்கு உள்ளூரில் ஒன்று, எலக்ட்ரானிக்ஸுக்கு வெளியூரில் ஒன்று. உள்ளூர்ப் பட்டறையிடம் பி.எம்.டபிள்யூவுக்கு ஐஸ்டா, மெர்சிடிஸுக்கு செண்ட்ரி, ஆடிக்கு விசிடிஎஸ் என்று அந்தந்தக் காருக்கான பழுது கண்டறியும் மென்பொருள் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா காருக்கும் பொதுவான கையடக்க ஸ்கேனர் மட்டுமே இருந்தால், மெர்சிடிஸிலும் ஆடியிலும் பின் பேட் மாற்றக்கூட எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக முடியாமல் திணறுவார்கள். வேலை முடிந்ததும் குனிந்து அடிப்பக்க பிளாஸ்டிக் மூடி திரும்ப ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள், மூலையில் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோவது வழக்கம்.

வருடம் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டம், வாரண்டி முடிந்த வண்டி என்றால் டீசல், இன்ஷூரன்ஸ் போக ஒன்றரை, இரண்டு லட்சம் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒரு வருடம் முப்பதாயிரத்தில் முடியும், அடுத்த வருடம் மொத்தமாகக் கேட்கும்.

கொச்சி, பெங்களூரு வண்டி மலிவாகத் தெரியும். என்ஓசி வாங்கி டிஎன்72-க்கு மாற்றும்போது ஆயுள் வரி தனி. 2023 நவம்பருக்குப் பின் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் அந்தத் தொகையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.