குவில்டுக்கு நேர்த்தையல் மெசின்: தையல் தங்கம், நூல்வெட்டி தலைவலி

குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை) தைக்க நேர்த்தையல் மட்டும் போடும் மெசின் விலை இறங்கியிருக்கிறது, ஒன்லைனில் எடுக்கலாமா என்று நிலாவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். ஜூக்கி டிஎல் வரிசை, பிரதர் பிகியூ1500, ஜனோம் 1600பி ஆகிய ரகங்களைப் பற்றித்தான் கேள்வி. நிமிடத்துக்கு 1500, 1600 தையல், அலுமினிய உடல், ஊசிக்கு வலப்பக்கம் சுமார் எட்டரை அங்குல இடம், துணியை அழுத்தும் பாதத்தை முழங்காலால் தூக்கும் கம்பி எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. என்னிடம் இருப்பது எந்தக் கொம்பனி மெசின் என்பதையும் சொல்லப்போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டு இருக்கிறது. அது ஒரு கொம்பனிக்கு மட்டும் உரியதல்ல.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தையல் அவ்வளவு அழகு. ஸிக்ஸாக் போடும் வீட்டு மெசினில் ஊசித்தட்டின் துளை அகலமாக இருக்கும், ஊசி இரண்டு பக்கமும் ஆடவேண்டுமே. மெல்லிய பருத்தித் துணியின் மூலையை அதில் வைத்துத் தொடங்கினால் ஊசி துணியையும் சேர்த்துத் துளைக்குள் தள்ளிவிடும். முக்கோணத் துண்டுகளின் கூர்முனை கசங்கி உள்ளே போவது இதனால்தான். நேர்த்தையல் மெசினில் துளை ஊசியை விடச் சற்றுப் பெரிய ஒரு வட்டம் மட்டும். துணி உள்ளே போக வழியில்லை. ஊசித்தண்டுக்கும் பக்கவாட்டு ஆட்டம் கிடையாது. எட்டு மடிப்புகள் வந்து சேரும் நட்சத்திரத்தின் நடுவில்கூட ஊசி விலகாமல் நேரே இறங்குகிறது.

கால் அங்குலத் தையல் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: 2 அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டி, இரண்டு தையல் போட்டு இணைத்து, அயன் பண்ணி அளந்து பாருங்கள். சரியாக 5 அங்குலம் வரவேண்டும். குறைந்தால் தையல் உள்ளே தள்ளி விழுகிறது, பாதத்துக்கு அருகே ஒட்டிய வழிகாட்டியை ஒரு நூலளவு ஊசிப்பக்கம் நகர்த்துங்கள். இந்த மெசினில் ஒருமுறை அது அமைந்துவிட்டால் பிறகு அசைவதில்லை. துண்டு இணைப்புக்கு 12ஆம் நம்பர் ஊசி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 14, தையல் நீளம் 2.5 மில்லிமீற்றர். திருகோணமலை வெக்கைக்குத் தடித்த வாடிங் (நடு அடுக்காக வைக்கும் பஞ்சு விரிப்பு) தேவையில்லை. நடுவில் பழைய பருத்திச் சேலை ஒன்றோ ஃபிளனல் துணியோ போதும். அப்படி மெல்லிசாகச் செய்தால் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சுருங்கி நிற்கும்.

இனி நூல்வெட்டி.

பெடலின் பின்பக்கத்தைக் குதிக்காலால் அழுத்தினால், ஊசித்தட்டுக்குக் கீழே ஒரு நகரும் கத்தி வளைந்து வந்து மேல்நூலையும் அடியில் இருந்து வரும் பொபின் நூலையும் சேர்த்துப் பிடித்து, நிலையான கத்தியில் உரசி அறுக்கும். தனியாகப் பட்டனும் இருக்கும். விற்பனை வீடியோக்களில் முதலில் காட்டுவது இதைத்தான். கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. குவில்டுக்கு இதனால் என்ன பயன் என்று யாரும் சொல்வதில்லை.

யோசித்துப் பாருங்கள். துண்டு இணைக்கும்போது ஒன்றன் பின் ஒன்றாக நூலை அறுக்காமல் ஓட்டிக்கொண்டே போவதுதான் வழக்கம், கடைசியில் கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் பிரிப்போம். அங்கே நூல்வெட்டிக்கு வேலையே இல்லை. மூன்று அடுக்கையும் சேர்த்துக் கோலம்போல் சுற்றித் தைக்கும்போது பொபின் நூலை மேலே இழுத்தெடுத்து, நாலைந்து அங்குல வால் விட்டு, முடிச்சிட்டு, கைஊசியால் அடுக்குக்குள் புதைக்கவேண்டும். நூல்வெட்டி விடும் வாலோ ஊசியில் கோர்க்கக்கூடப் போதாது. அத்தோடு துணிக்கு அடியில் சின்னதாக ஒரு நூல்தாடியும் தொங்கும். மிஞ்சுவது ஓரப்பட்டி தைக்கும் கட்டம் மட்டும். ஒரு குவில்டுக்கு அது எத்தனை வெட்டு?

பயன் இல்லாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடமுடியாது, அது சும்மா இருப்பதில்லை. நம்மில் பலர் வெறுங்காலோடு இருந்து தைப்பவர்கள். ஊசிமுனை மடிப்பில் நிற்கும் நேரம், குண்டூசியைக் கழற்றும் நேரம், கால் தளர்ந்து குதி பின்னால் சாயும். சடக். தையலின் நடுவிலேயே நூல் போய்விட்டது. பிறகு மேல்நூலின் வாலைப் பிடிக்காமல் தொடங்கினால் ஒன்றில் ஊசி நூலை விட்டுவிடும், அல்லது அடியில் நூல் கூடு கட்டும். இதற்கு மலிவான வைத்தியம் ஒன்று உண்டு: பழைய பாட்டாச் செருப்பில் ஒரு துண்டு வெட்டிப் பெடலின் குதிப்பக்க இடைவெளிக்குள் செருகுங்கள். முன்பக்கம் வழமைபோல இறங்கவேண்டும், பின்பக்கம் இறங்கக்கூடாது. வெட்டவேண்டும் என்றால் பட்டன் இருக்கிறது.

இரண்டாவது வில்லங்கம் அரைவெட்டு. மேல்நூல் அறுந்திருக்கும், பொபின் நூல் அறுந்திருக்காது. தெரியாமல் துணியை இழுத்தால் ஊசி வளையும். அடுத்த குத்தில் அது தட்டில் இடித்து உடையும். உடைந்த ஊசி கத்தியிலோ, பொபினைச் சுற்றிச் சுழலும் கொக்கியிலோ ஒரு கீறல் விட்டால் அதற்குப் பிறகு நூல் அடிக்கடி பிசிறும். பெரும்பாலும் காரணம் பஞ்சுதான். நகரும் கத்திக்கும் நிலையான கத்திக்கும் நடுவில் பஞ்சு அமுங்கி இருந்தால் கத்தி முழுதாக மூடாது. கடையில் கோனாக வாங்கும் மலிவு நூல்களும், பிசிறு அதிகமுள்ள பருத்தி நூல்களும் பஞ்சைக் கொட்டும். தடித்த அலங்கார நூலும், கண்ணுக்குத் தெரியாத நைலோன் நூலும் இந்தக் கத்திக்கு ஆகவே ஆகாது, கையால்தான் வெட்டவேண்டும்.

துப்புரவு செய்யும் முறை: பிளக்கைக் கழற்றுங்கள். ஊசி, பாதம், பொபின் கேஸ் மூன்றையும் எடுத்துவிட்டு ஊசித்தட்டின் திருகுகளைக் கழற்றுங்கள். திருகுகளை மூடியில் போட்டு வையுங்கள், மெசினுக்குள் விழுந்தால் தேடுவது பெரும்பாடு. பற்தூரிகையால் வெளிப்பக்கமாகத் துடையுங்கள், ஊதவேண்டாம். ஊதினால் பஞ்சும் வாயின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். துணியை நகர்த்தும் மெசின் பற்களுக்கு இடையில் நெருக்கி இருக்கும் பஞ்சுப் பாளத்தைச் சாவணத்தால் கிள்ளி எடுங்கள். கொக்கி சுழலும் தடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சில சுற்று சுற்றி, பழைய துணியில் ஓட்டி மிகுதி எண்ணெயைப் போக்குங்கள். பொபின் இரண்டு மூன்று தீர்ந்ததும் இதைச் செய்தால் அரைவெட்டு வராது. கத்திகளின் இடைவெளியை மட்டும் நீங்களே திருகவேண்டாம், அது திருத்துபவரின் வேலை.

எண்ணெய் என்றால் நிறமில்லாத தையல் மெசின் எண்ணெய். தேங்காயெண்ணெய் கூடாது, அது காய்ந்து பிசினாகி மெசினை இறுக்கிவிடும். உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது. வாடை காலத்தில், அதாவது நவம்பரில் இருந்து ஜனவரி வரை, பளபளவென்று இருக்கும் ஊசித்தட்டில் சும்மா விட்டாலே மஞ்சள் புள்ளி விழும். எண்ணெய் தடவிய துணியால் தட்டையும் ஊசித்தண்டையும் துடைத்து, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை உள்ளே வியர்க்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தொல்லை வேறு மாதிரி: ஜன்னல் பக்கம் வைத்தால் மணல்தூசி எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும்.

ஒன்லைனில் எடுப்பதில் இருக்கும் பெரிய குழி கரண்ட். நம் நாட்டில் 230 வோல்ட். மலிவாகத் தெரியும் பட்டியல்களில் பல அமெரிக்காவுக்கான 120 வோல்ட் மெசின், அல்லது ஜப்பானுக்கான 100 வோல்ட் மெசின். விபரத்தில் ‘110–240’ என்று எழுதியிருந்தாலும் நம்பவேண்டாம், மெசினில் ஒட்டியிருக்கும் தகட்டின் படத்தைக் கேளுங்கள். குறைந்த வோல்ட் மெசின் என்றால் இறக்கும் டிரான்ஸ்ஃபோமர் தேவை. தகட்டில் உள்ள வோட்ஸின் இரண்டு மடங்குக்குக் குறையாததாகப் பாருங்கள், 100 வோல்ட் மெசினுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபோமரைக் கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம். மலிவு டிரான்ஸ்ஃபோமர்களில் எர்த் வெளியே வருவதே இல்லை. உலோக உடல் மெசின், சீமெந்துத் தரை, வெறுங்கால் மூன்றும் சேர்ந்தால் கை சுரீரென்கும். கடையில் கிடைக்கும் பொதுப் பெடலை மாட்டுவதும் ஆபத்து, இந்த மெசின்களின் பெடல் அதனதன் மின்பலகைக்கே உரியது.

ஊசி விஷயம் சுருக்கமாக. ஜூக்கி டிஎல், பிரதர் பிகியூ இரண்டுக்கும் சாதாரண வீட்டு ஊசி, எச்ஏ×1, எந்தக் கடையிலும் உண்டு. தட்டைப் பக்கம் வலம் பார்க்கவேண்டும், நூல் இடமிருந்து வலமாகக் கோர்க்கவேண்டும். வீட்டு மெசின் பழக்கத்தில் தட்டையைப் பின்னால் வைத்தால் ஒரு தையலும் விழாது. ஜனோம் 1600பி எடுப்பவர்கள் அதற்கான எச்எல்×5 ஊசியையும் கூடவே தருவியுங்கள், இங்கே கேட்டால் தொழிற்சாலை மெசினுக்கான டிபி×1 பக்கெற்றைத்தான் நீட்டுவார்கள்.

அப்போ எடுக்கலாமா? இவ்வளவு புகழ்ந்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கத்தியோடு மல்லுக்கட்டிய கிழமையில் எழுதுவதால் இப்படி வருகிறது என்று நினைத்தால் அதுவும் சரிதான், அடுத்த மாதம் கேட்டால் மாற்றிச் சொல்லக்கூடும். ஆனால் 1877 முதல் சிங்கர் விற்றுவரும் நாடு இது. 15ஆம் ரகக் கறுப்பு மெசினும் அதன் சீன, இந்திய அச்சுகளும் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. அதுவும் நேர்த்தையல்தான், அதே வட்டத் துளைதான், பொபின் கேஸும் ஊரிலேயே வாங்கலாம். மின்பலகை பழுதானால் ஹபரணை தாண்டிக் கொழும்புக்கு அனுப்பும் வேலை இல்லை, பலகையே இல்லை. இடம் மட்டும் குறைவு, ஏறக்குறைய ஆறரை அங்குலம். பிள்ளைக் குவில்ட் தாராளமாக நுழையும். கட்டில் அளவு என்றால் மூன்று பாகமாகத் தனித்தனியே அடுக்கித் தைத்துவிட்டுப் பிறகு இணையுங்கள்.

அப்படியும் எடுத்தே தீருவோம் என்பவர்கள், நூல்வெட்டி இல்லாத மொடல் கிடைத்தால் அதைப் பாருங்கள். பெட்டியை வீடியோ எடுத்துக்கொண்டே திறவுங்கள். பதினொரு கிலோவுக்குக் கிட்டிய பாரம், ரெஜிஃபோம் உடைந்து வருவது சாதாரணம். கரண்ட் கொடுக்கமுன் கைச்சக்கரத்தைச் சுற்றி எங்காவது இடிக்கிறதா, சக்கரம் கோணி ஆடுகிறதா என்று பாருங்கள். முழங்கால் கம்பி, பொபின் கேஸ், கால் அங்குலப் பாதம், கோலம்போல் சுற்றித் தைக்க மாட்டும் துள்ளும் பாதம் நான்கும் உள்ளே இருக்கவேண்டும். தடித்த நூலுக்கென்று இன்னொரு பொபின் கேஸையும் அதே ஓடரில் போட்டுவிடுங்கள், தனியாக வரவழைத்தால் தபால் செலவு கேஸின் விலையைத் தாண்டும்.